எட்டாத பைகள்

பச்சை முதலில் நாலாவது வரிசையில்தான் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய பையில், துளையைச் சுற்றி ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குப் பச்சை. துடைத்தேன், போய்விட்டது. மறுநாள் பார்த்தால் மூன்று பைகளில் மூன்று பொத்தான்.

நாங்கள் காளான் வளர்க்கும் ஷெட்டில் வேலை செய்கிறோம். வேகவைத்த வைக்கோலையும் காளான் விதையையும் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, துளை போட்டு, கயிற்றில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பைகளைத் தொங்கவிடுவோம். மூன்று பை சேர்ந்தது ஒரு சரம். இருபது சரம் ஒரு வரிசை. காளான் துளை வழியாக எட்டிப் பார்க்கும், பறிப்போம். பச்சைப் பூசணம் வந்துவிட்டால் அந்தப் பையைக் குழியில் கொண்டு போய்க் கொட்ட வேண்டியதுதான். வேறு வழி கிடையாது.

பை கட்டுகிற அறையில் என் நாத்தனாரும் இன்னொரு ஆளும் இருந்தார்கள். அவர் வாயில் எப்போதும் சீட்டி இருக்கும், அதனால் விசில் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஷெட்டுக்குள் தண்ணீர் தெளிப்பது, துடைப்பது, பெரும்பாலும் பறிப்பதும் என் பாடு. தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு துணியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனால், கடைசி வரிசை வரை ஒவ்வொரு பையையும் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். என் சுத்தத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. என் நாத்தனாருடைய சுத்தத்தைப் பற்றி நான் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே மாதத்தில் நாற்பத்தேழு பைகள் குழிக்குப் போயின. சூப்பர்வைசர் கட்டுகிற அறை வாசலில் வந்து நின்றார்.

"இந்த நாப்பத்தேழும் உன் கைதாம்மா. விதை போடறப்பவே அழுக்கு உள்ள போகுது."

"விசில் அண்ணனும்தான் கட்டறாரு சார்," என்றாள் நாத்தனார்.

"அவர் பத்து வருஷமா கட்டறார். நீ வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. அடுத்த தொகுதிப் பைங்களை மாட்ட ஒரு மாசம் இருக்கு. அதுலயும் பச்சை வந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

விசில் அன்றைக்கு முழுதும் சீட்டி அடிக்கவில்லை.

நாத்தனார் புருஷனோடு ஒத்துவராமல் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு இருக்கிறாள். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, அவளே வாங்கிப் போட்ட ஒரு கட்டில். வேலை போனால் அந்த அறையும் போகும். பிறகு எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வா என்றுதான் சொல்வார். அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. எனக்கும் இல்லை. நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

ஆனாலும் சூப்பர்வைசர் சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்தேன். தலையைச் சொறிந்த கையோடு விதைத் தட்டைத் தொடுகிறவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடம் போவேன். எங்களைப் போலப் பாதியில் விட்டவர்களுக்கும் தொடங்கவே தொடங்காதவர்களுக்கும் அங்கே வகுப்பு நடக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்க நான் கற்றது நாற்பத்தாறு வயதில். இப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறேன். உயிரியல் எடுக்கிற டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவர் வந்த முதல் நாளே எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

காரணம், அவர் நோட்ஸ் கொடுக்கவில்லை. இரண்டு தட்டில் அவரைக்காய் விதைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் முளை விட்டிருந்தது. இன்னொன்றில் விதைகள் வழவழவென்று ஊறி, நாற்றமடித்துக் கிடந்தன.

"ரெண்டும் ஒரே பாக்கெட் விதை, ஒரே நாள்ல போட்டேன். இது ஏன் முளைக்கல?"

"சொத்தை விதை." "வெயில் படல." "தண்ணி பத்தல." ஆளுக்கொன்று சொன்னோம். தண்ணீர் பற்றவில்லை என்று சொன்னவள் நான். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எது சரின்னு சொல்லுங்க டீச்சர், எழுதிக்கறோம்," என்றார் எங்கள் பெஞ்சில் இருக்கும் கறிக்கடைக்காரர்.

"நீங்க சொன்னது தப்புன்னு வெச்சுக்குங்க. எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பீங்க?"

"தப்புன்னா நீங்க சொல்லுவீங்க. அதுக்குத்தானே உங்களை அனுப்பியிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார், ஆனால் சொல்லவில்லை. "கேள்வி கேளுங்க. கேட்டா பதில் சொல்றேன்" என்றார். எங்களுக்குக் கேட்க வரவில்லை. பதில்தான் முன்பே சொல்லிவிட்டோமே, இனி என்ன கேட்பது? அரை மணி நேரம் கழித்துக் கடைசி பெஞ்சிலிருந்து லாரி ஓட்டுகிறவர் அலுத்துப்போய்க் கேட்டார்: "சரி, எதுல எவ்வளவு தண்ணிதான் ஊத்துனீங்க?"

"முளைச்சதுல ஈரத்துணி மட்டும். முளைக்காதது மூணு நாளா தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்தது."

தண்ணீர் அதிகமாகி, காற்று இல்லாமல் செத்திருக்கிறது. நான் சொன்னதற்கு நேர் எதிர். பலகையில் என் பதில் கொட்டை எழுத்தில் அப்படியே இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் டீச்சர் மேல் மனு எழுதினோம். பாடம் சொல்லித் தருவதில்லை, விளையாட்டுக் காட்டுகிறார் என்று. பதினொரு கையெழுத்து. என் வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கையெழுத்துப் போட்ட முதல் மனு அதுதான். அலுவலகம் அதை டீச்சரிடமே கொடுத்துவிட்டது. அவர் அதை வகுப்பில் படித்துக் காட்டி, "பிரச்சினை: எங்களுக்குப் பாடம் ஏறவில்லை. காரணம்: டீச்சர்" என்று பலகையில் எழுதினார். எங்கள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று.

"கோவப்படல. இது தப்புன்னா என்ன தெரியும்னுதான் கேக்கறேன். போன டீச்சர் நோட்ஸ் குடுத்த பாடத்துல ஒரு கேள்வி கேக்கறேன். அப்புறம் அவரை விதையில ஒரு கேள்வி."

நோட்ஸ் கொடுத்த பாடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரை விதைக் கேள்விக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினோம். டீச்சர் மனுவை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டு வேலை கொடுத்தார். அவரவர் வேலை செய்யும் இடத்தில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல், அதற்கு மூன்று காரணம், ஒவ்வொரு காரணமும் தப்பாக இருந்தால் என்ன தெரியும். நான் வகுப்பிலேயே எழுதி முடித்தேன். சிக்கல்: பச்சைப் பூசணம். காரணம்: நாத்தனார்.

கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுலகூட எல்லாத்துக்கும் காரணம் அதுதான்னு என் சம்சாரம் சொல்லும். ஆராய்ச்சியே வேண்டாம்."

டீச்சர் சிரிக்கவில்லை. "அவங்க காரணம் இல்லைன்னா என்ன தெரியும் அக்கா?"

"விசில் கட்டின பையிலயும் பச்சை வரும்."

"வருதா?"

"பார்த்ததில்ல."

"ஏன் பார்க்கல?"

பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நோட்டை மூடினேன்.

ஒவ்வொரு பையின் கழுத்திலும் ஒரு சீட்டு இருக்கும். ஷெட் ஆபீஸில் எழுதிக் கொடுப்பது: கட்டிய தேதி, கட்டியவர் பெயரின் முதல் எழுத்து. பல வருடம் அது எனக்கு வெறும் காகிதம். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நாற்பத்தேழு பைகளையும் கிளறிச் சீட்டுகளைப் படித்தேன். நாத்தனார் கட்டியது இருபத்து நாலு. விசில் கட்டியது இருபத்து மூன்று.

திரும்ப எண்ணினேன். அதே கணக்குதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை, ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஷெட்டுக்குள் திரும்பி வந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பை எடுத்த இடமெல்லாம் சரங்களில் காலியாகத் தெரிந்தது. நடுவில் காலி, கீழே காலி. மேல் பைகள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் வரிசை பிடித்துத் தொங்கின.

அடுத்த ஞாயிறு இதை வகுப்பில் சொன்னேன். கீழே ஈரம் அதிகமாக இருக்கலாம், மேலே சூடு அதிகமாக இருக்கலாம் என்று டீச்சர் எழுதிக்கொண்டே வந்தார். கறிக்கடைக்காரர் பென்சிலால் காதைக் குடைந்தபடி கேட்டார்.

"ஏம்மா, கீழ்ப் பைக்குச் செஞ்சு மேல் பைக்குச் செய்யாதது எதாச்சும் இருக்கா?"

"தண்ணி தெளிக்கறது எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பறிக்கறதுகூட, மேல விசில் பறிப்பார், கீழ நான் பறிப்பேன், அவ்வளவுதான். துடைக்கறது..."

நிறுத்திவிட்டேன்.

நான் குள்ளம். ஷெட்டில் எனக்குப் பெயரே குள்ளக்கா. மேல் பை எனக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏற முழங்கால் விடாது. மூன்று வருடமாக மேல் பைகளை நான் துடைத்ததே இல்லை. துடைப்பதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தேன். அது ஒன்றுதான் என் மனதில் உறுத்திக்கொண்டிருந்த திருட்டுத்தனம்.

நோட்டில் மூன்றாவது காரணத்தை எழுதி, மேலே கையை வைத்து மறைத்துக்கொண்டேன். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். கையை எடுக்கச் சொல்லவில்லை. "எழுதினதை மட்டும் அழிச்சிடாதீங்க அக்கா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்ததும் நானாகப் போய்க் காட்டினேன். எப்படிச் சோதிக்கலாம் என்று அவர் என்னையே கேட்டார். புதிய தொகுதி செவ்வாய்க்கிழமை வருகிறது. ஒரு வரிசையில் ஒரு சரம் துடைப்பது, அடுத்த சரம் துடைக்காமல் விடுவது, அதற்கடுத்தது துடைப்பது. மற்றதெல்லாம் மாறக் கூடாது. நடுப் பை, கீழ்ப் பை மட்டும் கணக்கு. துடைத்தது இருபது, துடைக்காதது இருபது.

"எண்ணறது யாரு?" என்றார் டீச்சர்.

"நான்தான்."

"உங்களுக்கு எந்தப் பக்கம் ஜெயிக்கணும்னு ஆசை இருக்குல்ல. சின்னப் புள்ளிய ஒரு பக்கம் விட்டுடுவீங்க, ஒரு பக்கம் சேர்த்துக்குவீங்க. எது துடைச்சதுன்னு தெரியாத ஒருத்தர் எண்ணட்டும்."

எனக்குத் தெரிந்து அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

"என்னை எண்ண வெச்சு, என் தலையிலயே கட்டப் போறீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"கட்டறதா இருந்தா உன்னைக் கேக்காமலே கட்டியிருப்பேன்."

"அதுவும் சரிதான். அம்பதாவது வயசுல பள்ளிக்கூடம் போறவங்க சொன்னா கேக்கணுமில்ல."

"அம்பது ஆகல எனக்கு."

"ஆகட்டும், அவசரம் இல்ல."

அவளுக்குப் படிக்க வராது. எந்தச் சரம் எது என்று என் நோட்டில் மட்டும் எழுதி வைத்தேன். வாசல் பக்கம் முதல் சரம் துடைக்காதது, இரண்டாவது துடைப்பது, இப்படியே இருபது வரை. அவள் ஒரு அட்டையில் இருபது கட்டம் போட்டுக்கொண்டாள். பச்சை கண்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பார்க்க மட்டும்தான் வேண்டும், கை படக் கூடாது என்று அவளிடம் கறாராகச் சொன்னேன்.

அந்த மூன்று வாரம் எனக்குப் பெரும் பாடு. துடைக்காத சரத்தைத் தாண்டிப் போகும்போது கை தானாக நீளும். தூசி படிந்த பையைப் பார்த்தால், தலை வாராமல் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நிற்பது போல இருக்கும். துடைக்கிற சரங்களை எப்போதும் போலத் துடைத்தேன். அதே வாளி, அதே துணி. துடைத்ததெல்லாம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். மூன்று வருடம் நான் செய்த வேலை அது.

கடைசி நாள் நாத்தனார் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து நோட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுப் போனேன். துடைத்த இருபதில் பதினொன்று. துடைக்காத இருபதில் இரண்டு.

ஒரு துளையில் இருக்கிற பச்சையைத் துணியில் எடுத்து, வாளியில் முக்கி, அதே துணியால் அடுத்த பைக்கு, அதற்கடுத்த பைக்கு, கடைசி வரிசை வரை நானே கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறேன். தினமும். ஒரு பையும் விட்டுப்போகாமல்.

"என்ன அண்ணி, நான்தானா?"

அந்தக் கேள்வியை அவள் விளையாட்டாகக் கேட்க முயன்றாள், முடியவில்லை. என் நோட்டை அவளால் படிக்க முடியாது. கீழே ஈரம் அதிகம் என்று நான் சொன்னால் அவளும் நம்புவாள், சூப்பர்வைசரும் நம்பலாம், நம்பாமலும் போகலாம். நம்பாவிட்டால் அவளுடைய கட்டில் எங்கள் வீட்டுக்கு வரும்.

"நீ இல்ல. நான்," என்றேன். துணி, வாளி, நோட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இருபத்தஞ்சு வருஷம் அண்ணி. உங்க வாயில இருந்து 'தப்பு என் மேல'ன்னு ஒரு வார்த்தை வராதான்னு இருபத்தஞ்சு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன். அது வந்தது ஒரு பூசணத்துக்கா?"

"வந்ததே பெரிசுன்னு வெச்சுக்கோ."

"வாங்க, போய்ச் சொல்லுவோம். தனியா போனா நீங்க மாத்திச் சொல்லிடுவீங்க."

சூப்பர்வைசர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒவ்வொரு கட்டமாக விளக்கினேன். விசில் கதவோரம் வந்து நின்றுகொண்டார்.

"அப்ப மேல் பையெல்லாம் நீ துடைக்கவே இல்லயா?"

"எட்டல சார்."

"மூணு வருஷமா?"

"மூணு வருஷமா."

"தினமும் எல்லாப் பையும் துடைச்சாச்சுன்னு எங்கிட்டச் சொன்னியே."

"சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நல்லவேளை, உயரமா ஒரு ஆளை அந்த வேலைக்குப் போடாம இருந்தேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "துடைக்கச் சொன்னது நான்தான். நான் வந்த முதல் வாரம், பை எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்னு சொன்னேன். சுத்தமா இருந்தா நோய் வராதுன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன்."

"இப்ப என்ன பண்றது? உன்னை அனுப்பறதா?"

"துணிய வேலைய விட்டு நிறுத்துங்க சார், போதும்," என்றாள் நாத்தனார். கதவோரம் இருந்து சீட்டிச் சத்தம் ஒரு நொடி கேட்டு நின்றது.

அன்றோடு துடைப்பது நின்றது. இப்போது காலையில் முதல் வேலை, ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பச்சை கண்ட பையின் மேல் இன்னொரு பையைக் கவிழ்த்துக் கட்டி, வெளியே கொண்டு போவது. கை கழுவிய பிறகுதான் மற்ற வேலை. நாத்தனாரின் வேலை போகவில்லை, பைச் சீட்டுகளில் அவள் பெயரின் முதல் எழுத்து இன்னும் இருக்கிறது. அடுத்த தொகுதியில் ஷெட் முழுதுமாக ஆறு பைதான் போயிற்று. ஆறும் ஏன் போயிற்று என்று சூப்பர்வைசர் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார். எனக்குத் தெரியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்வதில்லை.

சூப்பர்வைசரிடம் சொன்ன அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை, நான் வகுப்பில் அட்டையை வைத்தேன். டீச்சர் பதினொன்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. துடைக்காததில் வந்த இரண்டின் மேல் விரலை வைத்தார்.

"இது ரெண்டும் ஏன்?"

"அது சும்மா வந்திருக்கும் டீச்சர்."

"சும்மாவா?"

"சும்மா இல்ல," என்று பின்னால் ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால் நாத்தனார். கதவுப் பக்கம் கடைசி பெஞ்சின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாளாம், அண்ணி எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தாளாம்.

"அது ரெண்டும் முதல் சரம் டீச்சர். எண்ணினது நான், எனக்குத் தெரியும். ஷெட்டுக்குள்ள போற வர்றவங்க எல்லாம் அதைத் தோளால உரசிட்டுத்தான் போறோம். குழிக்குப் போய்ட்டு வந்த சட்டையோட."

வகுப்பு மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. கறிக்கடைக்காரர் என் முழங்கையை இடித்தார். "இவங்கதான் காரணமா?"

நான் அவரைக் கவனிக்கவில்லை. "நீ சொல்றது தப்புன்னா என்ன தெரியும்?" என்று நாத்தனாரைக் கேட்டேன். டீச்சர் கேட்க வாயெடுத்ததை நான் முந்திக்கொண்டேன்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். நானும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"அடுத்த தொகுதியில முதல் சரத்தைக் கதவுல இருந்து ரெண்டு முழம் தள்ளி மாட்டுவோம். யார் தோளும் படாம. அப்பவும் பச்சை வந்தா, நான் சொன்னது தப்பு."

டீச்சர் சாக்பீஸை அவளிடம் நீட்டினார். எழுத வராது என்று அவள் பின்வாங்கினாள். வரையுங்கள் என்றார். நாத்தனார் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய், பலகையில் ஒரு கதவையும் ஒரு கயிற்றையும் அதில் மூன்று பைகளையும் போட்டாள்.

"கதவு ரொம்பச் சின்னதா இருக்கே," என்றார் கறிக்கடைக்காரர்.

"உங்க கடைக் கதவு இல்லண்ணே இது. எங்க ஷெட் கதவு, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்து, "அப்படித்தானே அண்ணி?" என்றாள். பிறகு கையாலேயே அழித்து, கதவைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.